எம். புதுப்பட்டி கடையை கூகுளில் ஏற்றுகிறீர்களா? செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே மதுரை, சென்னை, கேரளா என்று நாலா பக்கமிருந்தும் கார்கள் சிவகாசிப் பக்கம் வர ஆரம்பித்துவிடும். வருகிறவர்கள் டீக்கடையில் வண்டியை நிறுத்தி வழி கேட்பதெல்லாம் இப்போது குறைந்துவிட்டது. போனில் மேப்பைப் போட்டுக்கொண்டு, அது திரும்பச் சொன்ன இடத்தில் திரும்புகிறார்கள். உங்கள் கடை மேப்பில் இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். பட்டாசுக் கடைக்கு மட்டும் இல்லை, பஞ்சர் கடைக்கும் புரோட்டா கடைக்கும் தையல் கடைக்கும் லோடு ஆட்டோவுக்கும் இதே கதைதான்.

மேப்பில் கடையை ஏற்றித் தருவது கூகுள் பிசினஸ் புரொஃபைல். 2014-இல் கூகுள் மை பிசினஸ் என்று வந்தது, 2021-இல் இந்தப் பெயருக்கு மாறியது. கட்டணம் கிடையாது. ஒரு போன், ஒரு ஜிமெயில், ஒரு மத்தியான நேரம் போதும். ஆனால் இதில் பணத்தை விட்டவர்களும் உண்டு, நன்றாக ஓடிய லிஸ்டிங்கையே தொலைத்தவர்களும் உண்டு. இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் முதல் நாள் அவசரத்தில் செய்த காரியம்தான். அதனால் போனைக் கையில் எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

- முதலில் உங்கள் கடைப் பெயரைத் தேடிப் பாருங்கள். கஸ்டமர் யாராவது ஏற்கெனவே இடத்தைச் சேர்த்து போட்டோகூடப் போட்டிருக்கலாம். இருந்தால் புதிதாக ஒன்று போடாமல், அதிலேயே ‘இது உங்கள் பிசினஸா’ என்று கேட்கும் இடத்தைத் தட்டி உரிமை கோருங்கள். இரண்டு லிஸ்டிங் ஆகிவிட்டால் ரிவ்யூவும் இரண்டாகப் பிரியும், கஸ்டமரும் குழம்புவார்.

- உங்கள் சொந்த ஜிமெயிலில் போடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். ஜெராக்ஸ் கடைத் தம்பியோ, அக்கா மகனோ, டிசைன் செய்து தருகிறவரோ தன் மெயிலில் போட்டுக் கொடுத்தால், கூகுள் கணக்கில் அவர்தான் ஓனர். நாளைக்கு அவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால் போன் நம்பரைக்கூட உங்களால் மாற்ற முடியாது. உதவி வேண்டுமென்றால் நீங்கள் ஓனராக இருந்துகொண்டு அவரை மேனேஜராகச் சேருங்கள். அதற்கென்றே தனி வசதி இருக்கிறது.

- அந்த மெயிலுக்கு இரண்டு படிப் பாதுகாப்பைப் போடுங்கள். பாஸ்வேர்டு போனால் கடையும் சேர்ந்து போகும்.

- போர்டில் என்ன பெயரோ அதையே போடுங்கள். போர்டில் ‘முருகன் ஸ்டோர்’ என்றால் லிஸ்டிங்கிலும் முருகன் ஸ்டோர்தான். பில் புக், போர்டு, வாட்ஸ்அப், லிஸ்டிங் எல்லாவற்றிலும் ஒரே எழுத்து, ஒரே நம்பர். கூகுள் சரிபார்க்கும்போது முதலில் போர்டைத்தான் பார்க்கும்.

- பின்னை உங்கள் விரலால் நகர்த்தி, ஷட்டர் இருக்கும் இடத்திலேயே குத்துங்கள். புதுப்பட்டி என்ற பெயரில் தமிழ்நாட்டில் எத்தனை ஊர் என்று எண்ணி முடியாது. நம் மாவட்டத்திலேயே வத்திராயிருப்புப் பக்கம் வ. புதுப்பட்டி இருக்கிறது, புதுக்கோட்டை மாவட்டத்தில் கே. புதுப்பட்டி. முகவரியில் வெறும் ‘புதுப்பட்டி’ என்று அடித்து மேப் காட்டிய இடத்தை ஓகே செய்தால், குழந்தைகளோடு காரில் வருகிற குடும்பம் வேறு ஊரில் நின்றுகொண்டு உங்களுக்கு போன் போடும். கோபம் மேப்பின் மேல் இருக்காது, உங்கள் மேல்தான் இருக்கும். ‘எம்.’ என்ற எழுத்தை விடாதீர்கள். சிவகாசி, விருதுநகர் மாவட்டம், பின்கோடு எல்லாம் சேருங்கள். சாட்டிலைட் படத்துக்கு மாற்றினால் உங்கள் கூரையே தெரியும். அதன் மேல் வையுங்கள்.

- பிளஸ் கோடை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேப்பில் உங்கள் இடத்தைத் தொட்டால் எழுத்தும் எண்ணும் கலந்த சின்ன கோடு ஒன்று வரும். கதவு எண்ணும் தெருப் பெயரும் சரியாக இல்லாத ஊருக்கு இதுதான் கதவு எண். வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், விசிட்டிங் கார்டிலும் அடியுங்கள்.

- கேட்டகிரியைக் குறிப்பாகத் தேர்ந்தெடுங்கள். முதன்மையாக ஒன்று, கூடுதலாக ஒன்பது வரை போடலாம். ‘ஸ்டோர்’ என்று பொதுவாகப் போட்டால் எந்தத் தேடலிலும் மேலே வரமாட்டீர்கள். பைக் பழுது பார்க்கிறீர்கள் என்றால் மோட்டார்சைக்கிள் ரிப்பேர், பட்டாசு என்றால் ஃபயர்வொர்க்ஸ் ஸ்டோர். ஒன்பது இருக்கிறதே என்று ஒன்பதையும் நிரப்ப வேண்டாம்.

- வீட்டிலிருந்து தொழில் செய்தால் முகவரியை மறைத்துவிடுங்கள். தையல், பலகாரம், மெஹந்தி என்று வீட்டுக்குள்ளேயே வேலை பார்க்கும் பெண்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். ‘சர்வீஸ் ஏரியா’ என்று தேர்ந்தெடுத்து எம். புதுப்பட்டி, சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று நீங்கள் உண்மையில் போய்த் தரும் ஊர்களை மட்டும் போடுங்கள். இருபது இடம் வரை சேர்க்கலாம். ‘தமிழ்நாடு முழுவதும்’ என்று போடுவதால் ஒரு லாபமும் இல்லை.

- வெரிஃபிகேஷன் வீடியோவை ஒரே ஓட்டமாக எடுங்கள். இப்போது பெரும்பாலும் கூகுள் வீடியோதான் கேட்கிறது. ரோட்டில் நின்று ஆரம்பியுங்கள். பக்கத்துக் கடையோ பஸ் ஸ்டாப்போ தெரியட்டும். பிறகு போர்டு, பிறகு நீங்கள் சாவி போட்டு ஷட்டரைத் தூக்குவது, பிறகு கல்லா, பில் புக். அரை நிமிடத்துக்குக் குறையாமல், வெட்டாமல், ஒட்டாமல் இருக்க வேண்டும். ஆதார், பேங்க் பாஸ்புக், கஸ்டமர் முகம் எதுவும் அதில் வேண்டாம். கடையும் நிஜம், நடத்துவதும் நீங்கள்தான் என்று தெரிந்தால் போதும்.

- காகிதங்களை போட்டோ எடுத்து ஒரே ஃபோல்டரில் வையுங்கள். ஜிஎஸ்டி இருந்தால் அது, உத்யம் சான்று, கரண்ட் பில், பட்டாசுக் கடை என்றால் வெடிபொருள் உரிமம். லிஸ்டிங் முடங்கி நீங்கள் அப்பீல் போட்டால், ஆதாரத்தை இணைக்க ஒரு மணி நேரம்தான் தருவார்கள். அந்த நேரத்தில் பீரோவைக் குடைந்துகொண்டிருக்க முடியாது.

- நேரத்தைச் சரியாகப் போடுங்கள், விசேஷ நாளுக்குத் தனியாகப் போடுங்கள். விடிவதற்குள் ஆள் ஏற்றும் வேன்களுக்காகத் திறக்கும் டீக்கடை, லிஸ்டிங்கில் ‘காலை 9’ என்று இருந்தால் என்ன பிரயோஜனம்? சிவகாசி பங்குனிப் பொங்கல், சித்திரைப் பொங்கல், குலதெய்வம் கும்பிடும் நாள் என்று ஷட்டர் இறங்கும் நாட்களை ‘ஸ்பெஷல் ஹவர்ஸ்’ பகுதியில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ‘ஓப்பன்’ என்று பார்த்து வந்து பூட்டைப் பார்த்தவர் போடும் ஒரு ஸ்டார் சீக்கிரம் போகாது.

- போட்டோவை நீங்களே எடுங்கள். பகலில், ரோட்டின் இரண்டு பக்கமிருந்தும் கடை முகப்பு, வண்டி நிறுத்தும் இடம், உள்ளே அடுக்கியிருக்கும் சரக்கு. இன்டர்நெட்டில் இறக்கிய அழகான படத்தைப் பார்த்து வந்தவர் வாசலில் ஏமாந்து நிற்பார். கூமாபட்டி நினைவிருக்கிறதா? 2025 ஜூனில் இன்ஸ்டாகிராம் ரீல் பார்த்துவிட்டு எங்கெங்கிருந்தோ ஜனம் வந்தது. பிளவக்கல் அணைப் பகுதிக்குள் குளிக்க அனுமதி இல்லை என்று அதிகாரிகள் சொல்ல வேண்டியதாயிற்று. ஊருக்குப் பெயர் கிடைத்தது வேறு விஷயம். கடைக்காரர் அப்படி ஒரு கூட்டத்தை ஏமாற்றி அனுப்பினால் தாங்கமாட்டார்.

- சரக்கு கொடுக்கும்போதே ரிவ்யூ கேளுங்கள். உங்கள் ரிவ்யூ லிங்க்கை கியூஆர் ஆக்கி கல்லாப் பக்கம் ஒட்டுங்கள். ஸ்டிக்கர் அடிக்க நமக்கு ஊர் தேட வேண்டியதில்லை.

- எல்லா ரிவ்யூவுக்கும் பதில் எழுதுங்கள், திட்டியவருக்கு முதலில். ‘நீங்கள் வந்த அன்று கூட்டம், மன்னிக்கவும், அடுத்த முறை போன் செய்துவிட்டு வாருங்கள்’ என்று இரண்டு வரி போதும். அதை அவர் படிக்காவிட்டாலும் அடுத்து வரப்போகிறவர் படிப்பார்.

- வாரம் ஒருமுறை உங்கள் லிஸ்டிங்கை நீங்களே தேடிப் பாருங்கள். யார் வேண்டுமானாலும் ‘திருத்தம் சொல்கிறேன்’ என்று உங்கள் நம்பரையோ நேரத்தையோ மாற்றச் சொல்ல முடியும். 2018-இல் மகாராஷ்டிராவில் பேங்க் ஆஃப் இந்தியா கிளைகளின் போன் நம்பரையே மேப்பில் மோசடிக்காரர்கள் தங்கள் நம்பராக மாற்றி வைத்து, போன் செய்தவர்களிடம் விவரம் கறந்தார்கள். பேங்குக்கே அந்தக் கதி.

- ஜஸ்ட்டயல், இந்தியாமார்ட்டிலும் இலவசப் பதிவைப் போட்டு வையுங்கள். அச்சகம், காலண்டர், பேக்கிங் அட்டை செய்கிறவர்களுக்கு வெளிமாநில விசாரணை இந்தியாமார்ட் வழியாகவும் வரும். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியாவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். கட்டணத் திட்டம் வேண்டுமா என்று கேட்டு போன் வரும். ஒரு சீசன் இலவசத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

செய்யக்கூடாதவை

- பட்டாசுக்கு ஆன்லைன் ஆர்டர் எடுக்காதீர்கள். இதை நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘எல்லாரும் பண்றாங்களே’ என்ற பதில் ரெடியாக இருக்கும். 2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: உரிமம் பெற்ற வியாபாரிகள் வழியாகவே பட்டாசு விற்க வேண்டும், ஃபிளிப்கார்ட், அமேசான் உட்பட எந்த இ-காமர்ஸ் தளமும் ஆன்லைன் ஆர்டர் வாங்கக்கூடாது, மீறினால் நீதிமன்ற அவமதிப்பு. உங்கள் லிஸ்டிங்கில் ‘ஆர்டர் ஆன்லைன்’ என்று ஒரு பட்டன் இருந்தால், உங்களுக்கு எதிரான சாட்சியை நீங்களே போர்டு மாட்டி வைத்தது மாதிரி. லிஸ்டிங் ஆளைக் கடைக்குக் கூட்டி வரட்டும். காசும் சரக்கும் கடையில் கை மாறட்டும்.

- பட்டாசுக்கு முன்பணம் வாங்காதீர்கள், வாங்குவதில்லை என்று டிஸ்கிரிப்ஷனிலேயே எழுதிவிடுங்கள். தீபாவளி நெருங்கினாலே ‘சிவகாசி நேரடி விலை, 80 சதவீதம் தள்ளுபடி’ என்று போலி வெப்சைட்டுகள் முளைக்கும். நிஜக் கடைகளின் பெயரையும் போட்டோவையும் எடுத்துப் போட்டு, ஜிபேயில் பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போய்விடுவார்கள். இதைப் பற்றித் தமிழ்நாடு சைபர் கிரைம் போலீசும் எச்சரித்திருக்கிறது. ஏமாந்தவர் கடைசியில் வந்து நிற்பது உங்கள் வாசலில்தான். ‘ஆன்லைனில் பணம் வாங்குவதில்லை, நேரில் மட்டும் விற்பனை’ என்ற ஒரு வரி உங்களையும் காப்பாற்றும், அவரையும் காப்பாற்றும். உங்கள் பெயரில் போலித் தளம் கண்ணில் பட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புகார் கொடுங்கள். பணம் போனவர் யாராவது வந்தால் உடனே 1930-க்கு போன் செய்யச் சொல்லுங்கள்.

- உரிமம் இல்லாத இடத்துக்குப் பின் குத்தாதீர்கள். வீட்டுத் திண்ணையிலும் தோட்டத்துக் கொட்டகையிலும் என்ன நடக்கிறது என்று நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு லிஸ்டிங் வழி இல்லை. உரிமத்துக்கு விண்ணப்பிப்பதுதான் வழி.

- தொழிற்சாலைக்குள்ளோ மருந்து, சரக்கு இருக்கும் குடோனுக்குள்ளோ போனோடு போய் வீடியோ எடுக்காதீர்கள். அங்கே போனே கொண்டுபோகக் கூடாது. ஷாப்பின் முகப்பு, போர்டு, சுவரில் மாட்டிய உரிமம், இதுவே வெரிஃபிகேஷனுக்குப் போதும்.

- ரீலுக்காகக் கடைப் பக்கத்தில் வெடித்துக் காட்டாதீர்கள். எம். புதுப்பட்டி போலீஸ் எல்லையில் ரெங்கபாளையத்தில் 2023 அக்டோபர் 17 அன்று நடந்த பட்டாசு விபத்தை இந்தப் பக்கம் யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. பத்துப் பேருக்கு மேல் உயிர் போனது. எத்தனை லைக் வந்தாலும் அந்த வேலை வேண்டாம்.

- சரவெடிப் படத்தைப் போடாதீர்கள். அதே 2018 தீர்ப்பில் சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுக்கும் தடை வந்துவிட்டது. பழைய விலைப் பட்டியலை அப்படியே போட்டோ எடுத்து ஏற்றுகிறவர்கள் மாட்டுவது இதில்தான்.

- கூகுள் விளம்பரத்துக்குக் காசு கட்டிப் பட்டாசு விற்க நினைக்காதீர்கள். வெடிக்கும் பட்டாசு கூகுள் ஆட்ஸின் தடைப் பட்டியலில் இருக்கிறது. வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்கிலும் வெடிபொருளுக்கு இடம் இல்லை. அதில் ஏற்றினால் நம்பரே முடங்கலாம். வருஷக்கணக்காக கஸ்டமர் வைத்திருக்கும் நம்பரை அதற்காகப் பணயம் வைக்காதீர்கள். ‘விளம்பரம் ஓட்டித் தர்றேன்’ என்று அட்வான்ஸ் கேட்கும் ஏஜென்ட்டிடம் இந்த விதியைக் காட்டச் சொல்லுங்கள்.

- ‘பஸ்ஸில் கொண்டுபோகலாம், ரயிலில் கொண்டுபோகலாம்’ என்று வாட்ஸ்அப்பில் பதில் எழுதாதீர்கள். ரயிலில் பட்டாசு கொண்டுபோவது 1989 ரயில்வே சட்டப்படி மூன்று வருடம் வரை சிறைக்குப் போகிற குற்றம். தபாலிலும் அனுப்ப முடியாது. கஸ்டமர் மாட்டினால் போனில் உங்கள் மெசேஜ் இருக்கும்.

- கடைப் பெயரோடு விளம்பரத்தை ஒட்டாதீர்கள். ‘முருகன் ஸ்டோர் சிவகாசி பெஸ்ட் ஹோல்சேல் குறைந்த விலை’ என்று போட்டால் கொஞ்ச நாள் மேலே வரும். பக்கத்துக் கடைக்காரர் ஒரு புகார் தட்டினால் பெயர் திருத்தப்படும், சில நேரம் லிஸ்டிங்கே முடங்கும். அதுவும் தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால்தான் முடங்கும். சொல்ல வேண்டியதைச் சொல்ல டிஸ்கிரிப்ஷனில் 750 எழுத்து இடம் இருக்கிறது.

- சிவகாசி டவுனில் கடை இருப்பதாகக் காட்டாதீர்கள். மெயின் ரோட்டில் மாமா வீட்டு முகவரியைக் கொடுத்து ஒரு லிஸ்டிங், ஊரில் ஒரு லிஸ்டிங் என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். போர்டு இல்லாத இடத்தில் வீடியோ வெரிஃபிகேஷன் நிற்காது. எம். புதுப்பட்டியில் இருப்பது ஒன்றும் குறை இல்லை. கார் நிறுத்த இடம் இருக்கிறது என்று சொல்லுங்கள், டவுன் நெரிசலில் சிக்கியவர்கள் தேடி வருவார்கள்.

- ரிவ்யூவை விலைக்கு வாங்காதீர்கள். ‘அஞ்சு ஸ்டார் போட்டா ஒரு பாக்கெட் கம்பி மத்தாப்பு ஃப்ரீ’ என்பதும் விலைதான். கூகுள் விதிப்படி இனாமோ தள்ளுபடியோ கொடுத்து ரிவ்யூ வாங்கக் கூடாது. ஒரே நாளில் நாற்பது ரிவ்யூ, எல்லாம் ‘சூப்பர்’, எல்லாம் ஊர் பேர் தெரியாதவர்கள் என்றால் கஸ்டமருக்கே புரிந்துவிடும்.

- கடை வேலையாட்களையும் சொந்தக்காரர்களையும் விட்டு ரிவ்யூ போடாதீர்கள். அடுத்த கடைக்கு ஒரு ஸ்டார் போடச் சொல்வது அதைவிட மோசம். சின்ன ஊர்; யார் போட்டது என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

- ‘கெட்ட ரிவ்யூவை அழித்துத் தருகிறேன்’ என்பவருக்குக் காசு கொடுக்காதீர்கள். விதியை மீறிய ரிவ்யூவை மட்டும்தான் கூகுள் எடுக்கும், அதை நீங்களே ரிப்போர்ட் செய்யலாம். பிடிக்காத ரிவ்யூவை எடுக்க யாராலும் முடியாது.

- ‘கூகுள்ல இருந்து பேசுறேன், உங்க லிஸ்டிங் எக்ஸ்பயர் ஆகப்போகுது’ என்ற போனுக்கு மயங்காதீர்கள். லிஸ்டிங்குக்குச் சந்தா இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. ரெனியூவல் என்று யார் கேட்டாலும் வைத்துவிடுங்கள்.

- வெரிஃபிகேஷன் கோடை யாருக்கும் சொல்லாதீர்கள். அது கடைச் சாவி. நல்ல தமிழில், ‘அண்ணாச்சி, வர்ற நம்பரை மட்டும் சொல்லுங்க’ என்று மரியாதையாகத்தான் கேட்பார்கள். சொன்ன நிமிடத்திலிருந்து லிஸ்டிங் அவர்கள் கையில்.

- உங்கள் நம்பருக்குப் பதில் ஏஜென்ட் நம்பரைப் போட விடாதீர்கள். ‘லீடு எங்களுக்கு வரும், நாங்க மாத்தி விடுறோம்’ என்பார்கள். மாற்றி விடுவார்கள்தான், யார் அதிகம் கொடுக்கிறார்களோ அவருக்கு.

- சீசன் முடிந்து ஷட்டர் இறக்கியதும் லிஸ்டிங்கை அழிக்காதீர்கள், ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்றும் போடாதீர்கள். ‘தற்காலிகமாக மூடப்பட்டது’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். அடுத்த வருஷம் கடை திறக்கும் அன்று அதை மாற்றினால், ரிவ்யூ, போட்டோ, பின் எல்லாம் விட்ட இடத்திலேயே இருக்கும்.